பலா மரத்தில் யார் எழுதியது?

"மரத்துக்கு வெண்குஷ்டம் வந்திருக்குல்லா அண்ணாச்சி... இனி இது தேறாது. பாத்து ஒரு விலை போட்டுத் தாரேன், குடுத்துருங்க."

பலா மரத்தின் அடியைத் தட்டிப் பார்த்தபடி மர வியாபாரி இதைச் சொன்னபோது, வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷினின் சத்தம் நின்றது.

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற சின்ன ஊர் அது. ஆனி, ஆடியில் சாரல் பிடித்துக்கொண்டால் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. அந்தத் தெருவில் 'டெய்லரக்கா வீடு' என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும்.

டெய்லரக்காவுக்கு வயது 53. கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறார். முன்னறை ஜன்னலோரம் அவருடைய மிஷின். ஜன்னலுக்கு நேர் எதிரே பலா மரம். அவர் பிறந்த வருஷம் அப்பா நட்டது. "எனக்கும் அதுக்கும் ஒரே வயசு" என்று சொல்லிச் சிரிப்பார்.

அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வியாபாரி சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் காரணம்.

முழுக்கை ரவிக்கை

அக்காவுக்குப் பத்தொன்பது வயதில் விரல் நுனியில் சின்னதாக ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. இரண்டே வருஷத்தில் முழங்கை வரை ஏறியது. பிறகு கழுத்து, உதட்டோரம்.

வெண்புள்ளி என்பது தோலுக்கு நிறம் தருகிற செல்கள் அழிவதால் வருவது. தொழுநோய்க்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. ஆனால் அன்றைக்கு ஊர் அதற்கு வைத்திருந்த பெயர் வெண்குஷ்டம். பேசி முடித்திருந்த சம்பந்தம் அந்தப் பெயரைக் கேட்டே நின்று போனது.

யாரோ சொன்ன வைத்தியம் என்று கார்போக அரிசி எண்ணெயைத் தடவி வெயிலில் உட்கார வைத்தார்கள். எவ்வளவு தடவ வேண்டும், எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்று கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. அந்த எண்ணெயும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்துவிடும் என்பதும் யாருக்கும் தெரியாது. கை முழுக்கக் கொப்புளம். திட்டுகள் அப்படியே இருந்தன. கூடவே வடுவும் வந்து சேர்ந்தது.

"நோவு என்னை ஒண்ணும் செய்யல. வைத்தியந்தான் செஞ்சுது" என்று அக்கா எப்போதாவது சொல்வார். அன்று முதல் முழுக்கை ரவிக்கைதான். சித்திரை வெயிலிலும் அதைத்தான் போடுவார்.

அரிவாளும் பாலும்

அண்ணன் மேல் குற்றம் சொல்வதற்கில்லை. மகள் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் இரண்டாம் வருஷம். ஹாஸ்டல் ஃபீஸ் கட்ட வேண்டும். பலா மரமோ இரண்டு வருஷமாகக் காய்க்கவில்லை. வைக்கிற நாலைந்து பிஞ்சும் கறுத்து உதிர்ந்துவிடுகிறது. வீணையும் மிருதங்கமும் செய்கிற மரமாயிற்றே பலா! வியாபாரி நாற்பதாயிரம் ரூபாய் வரை போகலாம் என்கிறார்.

மரத்தைச் சுற்றி வந்து பார்த்தால் அவர் சொல்வது சரியென்றுதான் தோன்றும். அடியிலிருந்து ஆள் உயரம் வரை, மேற்குப் பக்கம் முழுக்கச் சாம்பல் கலந்த வெள்ளையில் திட்டுத் திட்டாக இருந்தது. ஒன்று ஐம்பது பைசா அகலம், இன்னொன்று உள்ளங்கை அகலம். இரண்டு மூன்று ஒன்றோடொன்று முட்டி, வரைபடத்தில் மாவட்டங்கள் போல எல்லை பிரித்து நின்றன.

வெட்டுவதற்கு முன் கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்க்கலாம் என்று அண்ணன் உரக்கடையில் கேட்டார். "சுரண்டி எடுத்துட்டு மருந்து அடிங்க" என்றார்கள். மறுநாள் காலையில் அரிவாளை எடுத்துச் சுரண்டத் தொடங்கினார். திட்டு லேசில் வரவில்லை. பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அழுத்திச் சீவியதும் பட்டை பிளந்து, வெள்ளையாகப் பால் வடிந்தது.

டெய்லரக்கா வெளியே ஓடி வந்தார்.

"போதும்ணே, நிறுத்து."

"மருந்து வைக்கணும்லா, அதுக்குத்தான்..."

"மொதல்ல அது என்னன்னு தெரியட்டும். தெரியாம மருந்து வைக்காதே. சனிக்கிழமை பிள்ளை வருவாள்லா, அதுவரைக்கும் பொறு."

தங்கச்சி இப்படிக் குரல் உயர்த்தி அண்ணன் கேட்டதில்லை. அரிவாளைத் திண்ணையில் வைத்துவிட்டார்.

லென்ஸுக்குள் தெரிந்த எழுத்து

சனிக்கிழமை வந்த மகள், பையை வைத்ததும் மரத்தடிக்குப் போனாள். வகுப்புக்குக் கொடுத்திருந்த பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து, பட்டைக்கு அருகில் முகத்தைக் கொண்டு போனாள். ஐந்து நிமிஷம் பேச்சில்லை.

"அத்தை, இங்க வாங்க. இதைப் பாருங்க."

அத்தை பார்த்தார். வெள்ளைத் திட்டின் மேல் கறுப்புக் கோடுகள். மெல்லிய நிப்புள்ள பேனாவால் யாரோ கிறுக்கியதைப் போல, சில நேராக, சில வளைந்து, சில கவட்டையாகப் பிரிந்து. எல்லாம் சில மில்லிமீட்டர் நீளம்தான். ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு உதடு, நடுவில் ஒரு கீறல்.

"என்னட்டி இது, எழுத்து மாதிரில்லா இருக்கு?"

"எழுத்துன்னுதான் பேரே அத்தை! கிராஃபிஸ். கிரேக்கத்தில எழுதுறதுன்னு அர்த்தம்."

இது நோயில்லை, லைக்கன் என்றாள் மருமகள். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்துகிற கூட்டுக் குடும்பம். பூஞ்சை வீட்டைக் கட்டித் தரும், ஈரத்தைப் பிடித்து வைக்கும். உள்ளே குடியிருக்கிற பாசி வெயிலை வாங்கிச் சமைக்கும். இருவரும் சாப்பிடுவார்கள். மரம் வெறும் மனைதான், மரத்தின் சாற்றில் அவர்கள் கை வைப்பதில்லை. அதுவும் பட்டையின் மேற்புறத்தில், ஏற்கெனவே உயிர் போன அடுக்கில்தான் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கறுப்புக் கோடுகள் பூஞ்சை தன் வித்துகளை வெளியே விடுகிற வாசல்கள்.

இந்த எழுத்து லைக்கன் வகையில் ஒன்றுக்கு ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753-லேயே 'எழுதப்பட்டது' என்று பொருள்படும் பெயரைச் சூட்டிவிட்டார். ஆனால் அதற்குள் இரண்டு உயிர்கள் இருக்கின்றன என்று 1860-களில் ஸ்விட்சர்லாந்தின் ஷ்வெண்டனர் சொன்னபோது, அந்தக் காலத்துப் பெரிய நிபுணர்களே ஏற்கவில்லை, கேலி செய்தார்கள். அவர் சொன்னதுதான் சரி என்று பிற்பாடு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

"பாசியும் பூஞ்சையும் சேந்து குடித்தனமா? நம்புற மாதிரி இல்லையே" என்று வாசலில் நின்ற மைனி சிரித்தார்.

மருமகள் அடுக்களைக்குள் போய் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து டப்பாவிலிருந்து ஒரு துண்டு கல்பாசியை எடுத்து வந்தாள். "இதுவும் லைக்கன்தாம்மா. ஞாயித்துக்கிழமை கறிக்குழம்புல போடுதீங்கள்லா? இது இலை மாதிரி விரியுற சாதி. மரத்துல இருக்கிறது ஓடு மாதிரி ஒட்டிக்கிடுற சாதி. மத்தபடி சொந்தக்காரங்கதான்."

மைனி கல்பாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருபத்தைந்து வருஷமாகத் தாளிக்கிற சாமான்!

உங்கள் வீட்டு மரத்திலும் இருக்கலாம்

வெள்ளைத் திட்டெல்லாம் எழுத்து லைக்கன் ஆகிவிடாது. அன்று மாலை மருமகள் அத்தைக்குச் சொல்லிக் கொடுத்த சோதனைகள் எளிமையானவை. யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்.

முதலில் நகத்தால் ஓரத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஓரம் இலை போல எழும்பினால் அது கல்பாசி மாதிரியான இலை வகை. பட்டையை விட்டு வரவே வராது என்றால் ஓடு வகை.

அடுத்தது, மேலே இருக்கும் கறுப்பு. கோடு கோடாக, உதடு வைத்து, கீறலோடு இருந்தால் எழுத்து லைக்கன் கூட்டம். சின்ன வட்டத் தட்டுகளாக, வெளுத்த விளிம்போடு இருந்தால் லெக்கனோரா போன்ற வேறு கூட்டம்.

பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர். காய்ந்திருக்கும்போது வெளுப்பாகத் தெரிகிற திட்டு, நனைந்ததும் பச்சை காட்டும். மேல் தோல் ஈரத்தில் கண்ணாடி போலாகி, உள்ளே இருக்கும் பாசி தெரிவதுதான் காரணம். ஓரத்தில் ஊசி முனையால் துளி கீறினாலும் உள்ளே பச்சையோ, மஞ்சள் கலந்த பச்சையோ தெரியும். இந்த லைக்கனில் வழக்கமாகக் குடியிருப்பது டிரெண்டிபோலியா என்கிற பாசி. பச்சைப் பாசி இனம்தான் என்றாலும் அதன் உடம்பில் கேரட்டில் இருப்பது போன்ற ஆரஞ்சு நிறமியும் உண்டு. சாரல் அடிக்கிற ஊர்களில் சுவரும் மரமும் துருப்பிடித்த மாதிரி ஆரஞ்சாகத் தெரிவது பெரும்பாலும் தனியாக வாழ்கிற இதே பாசியால்தான்.

எங்கே தேடலாம்? பட்டை ஓரளவு வழவழப்பாகவும், நிலையாகவும் இருக்க வேண்டும். பலா, கமுகு, தென்னை எல்லாம் தோதான இடங்கள். அதே வீட்டுப் பின்பக்கத்துக் கொய்யாவில் தேடினார்கள், ஒன்றுகூட இல்லை. கொய்யா தன் பட்டையை அவ்வப்போது உரித்துப் போட்டுக்கொண்டே இருக்கும். மெதுவாக வளர்கிறவர்களுக்கு அங்கே குடியிருக்க முடியாது.

பலாவிலும் மேற்குப் பக்கம்தான் அதிகம். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று, சாரலை அந்தப் பக்கத்தில்தான் அடிக்கிறது.

காற்றின் சுத்தத்துக்கும் லைக்கன்களுக்கும் உறவு உண்டு. பாரிஸின் லக்சம்பர்க் தோட்டத்து மரங்களில் இருந்த லைக்கன்களைக் கணக்கெடுத்த நைலாண்டர் என்பவர், காற்று எவ்வளவு சுத்தம் என்பதை லைக்கன்களைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று 1866-லேயே எழுதினார். கந்தகப் புகை பல லைக்கன் இனங்களுக்கு ஆகாது. வேரில்லாத உயிர் என்பதால் காற்றிலும் மழையிலும் வருவதைத்தான் அவை உறிஞ்ச வேண்டும்.

படங்களைப் பேராசிரியருக்கு அனுப்பினாள் மருமகள். அவரும் கிராஃபிஸ் கூட்டம்தான் என்றார். எந்த இனம் என்பதைப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது, வித்துகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, வேதிச் சோதனையும் செய்த பிறகே சொல்லலாம் என்று பதில் போட்டார். மரத்தைக் காப்பாற்ற அது வேண்டியதில்லை. கூட்டம் தெரிந்தால் போதும்.

இஞ்ச் டேப்பும் கல்யாண போட்டோவும்

அண்ணனுக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. "நோயில்லைன்னா ஏன் காய்க்கல?"

நியாயமான கேள்விதான். டெய்லரக்கா கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை எடுத்துப் பெரிய திட்டின் மேல் வைத்தார். மூன்றரை இஞ்ச். கிட்டத்தட்ட ஒன்பது சென்டிமீட்டர். ஓடு வகை லைக்கன்கள் பொதுவாக வருஷத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் நாலாபக்கமும் அகலும். பல அதைவிடவும் மெதுவு. நடுவிலிருந்து ஓரத்துக்கு 45 மில்லிமீட்டர். துல்லியமாகச் சொல்ல முடியாவிட்டாலும் அந்தத் திட்டுக்கு இருபது வருஷத்துக்கு மேல் வயது இருக்க வேண்டும்.

"அப்போ இருபது வருஷமா இது மேல இருந்துக்கிட்டுத்தானே மரம் காய்ச்சிருக்கு?" என்றார் அக்கா.

மருமகள் பரணிலிருந்து பழைய ஆல்பத்தை இறக்கினாள். 1996-ல் எடுத்த அண்ணன் கல்யாணப் படம். வீட்டு முற்றத்தில் பலா மரத்தடியில் எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள். ஓரத்தில், பாதி உடம்பை மரத்துக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டு நிற்கிறார் இருபத்துநாலு வயது டெய்லரக்கா. அவர் தோளுக்குப் பக்கத்தில், பட்டையில், பளிச்சென்று ஒரு வெள்ளைத் திட்டு. தலைக்கு மேல் தண்டில் கொத்துக் கொத்தாகப் பலாக் காய்.

அண்ணன் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தைப் பார்த்தாரா, தங்கையைப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

"ரெண்டு வருஷத்துக்கு முன்ன இங்க என்ன மாறிச்சு?" என்று மகள் கேட்டாள்.

எல்லோரும் கீழே பார்த்தார்கள். முற்றம் முழுக்க சிமென்ட். மழைக்காலத்தில் சகதியாகிறது, பைக் நிறுத்த இடமில்லை என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் தளம் போட்டார்கள். மரத்தின் அடி வரை, ஒரு விரல் இடைவெளி விடாமல் பூசியிருந்தது. வேருக்குத் தண்ணீரும் போகாது, காற்றும் போகாது. இலை குறைந்து கிளைகளுக்கு நடுவே வெளிச்சம் விழவும், லைக்கனுக்கு அது வசதியாகிவிட்டது. மரம் வாடிய காலத்தில் கண்ணில் பட்டதால் பழி அதன் மேல் விழுந்தது.

பெயர் படுத்தும் பாடு

ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரை வைத்து, மரத்தைச் சுற்றி நான்கடிக்குத் தளத்தை உடைத்து எடுத்தார்கள். மண்ணைக் கிளறி, தொழுஉரம் போட்டு, தண்ணீர் விட்டார்கள். அரிவாள் பட்ட காயத்தில் போர்டோ பசையைத் தடவினார் அண்ணன். உரக்கடையில் வாங்கிய மருந்து பிரிக்காமல் அப்படியே இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்று இரவு முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது மருமகள் இன்னொன்றைச் சொன்னாள். லைக்கன் என்ற கிரேக்கச் சொல்லே ஆதியில் தோலில் வருகிற தடிப்புக்கும் சொல்லப்பட்டதுதான். இன்றைக்கும் தோல் டாக்டர்கள் லைக்கன் பிளானஸ் என்று ஒரு நோயைச் சொல்கிறார்கள். அதற்கும் மரத்தில் இருப்பதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. பார்க்க ஒன்று போல இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது.

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"பேரு வைக்கறவனுக்கு என்ன, வச்சுட்டுப் போயிருவான்" என்றார் கடைசியில். "சுமக்கறது மரமும் மனுசியும்லா."

மைனி எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வியாபாரி மறுவாரம் வந்தார். "மரம் குடுக்கலை" என்று அண்ணன் சொன்னார். கொஞ்சம் நிறுத்தி, "இன்னொண்ணு. அந்த வார்த்தையை இந்த வீட்டு வாசல்ல நின்னு சொல்லாதீங்க. மரத்துக்கும் இல்ல, மனுசருக்கும் இல்ல" என்றார். மிஷினில் உட்கார்ந்திருந்த தங்கை தலை நிமிரவில்லை. கால் மட்டும் மிதியில் நின்றுவிட்டது.

அடுத்த மாசியில் பலா பதினொரு பிஞ்சு வைத்தது. இரண்டு உதிர்ந்தது, ஒன்பது நின்றது. அரிவாள் பட்ட இடத்தில் பட்டை ஓரத்திலிருந்து மூடி வருகிறது. அங்கே எழுத்து திரும்ப வர இன்னும் பல வருஷம் ஆகும்.

இப்போது தெருப் பிள்ளைகள் செல்போனோடு அந்த மரத்தடிக்கு வந்துவிடுகிறார்கள். தமிழில் 'ட' இருக்கிறது, இங்கிலீஷில் 'ஒய்' இருக்கிறது என்று ஒரே சத்தம். மருமகள் விட்டுவிட்டுப் போன லென்ஸ் டெய்லரக்காவின் பொறுப்பில் இருக்கிறது. தைப்பதை நிறுத்திவிட்டு, முழுக்கை ரவிக்கையின் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் லென்ஸைப் பிடித்துக் காட்டுகிறார்.

பாவாடைக்கு அளவு கொடுக்க வந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, லென்ஸில் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "டெய்லரக்கா, மரத்துல என்ன எழுதியிருக்கு?"

"எனக்கென்னட்டி தெரியும்? நீதானே பள்ளிக்கூடம் போறவ. படிச்சுச் சொல்லு."